ராய்ஸின் முறை

"மாத்திரை மாதிரிதாங்க இதுவும். அளவு இருக்கு," என்றாள் நர்ஸ் மேவிஸ், குளிர்கால இருட்டில் வரும் மனச்சோர்வுக்கான வெளிச்ச விளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தபடி. "காலையில அரை மணி. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி வைக்கணும். சாயங்காலம் கூடவே கூடாது."

"கூடுதலா உட்கார்ந்தா கறுத்துப் போயிடுவேனா?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"தூக்கம் போயிடும். சிலருக்குப் புத்தியும் தடுமாறும்."

"இந்த ஆளு குறட்டையில அது எப்பவோ போயாச்சு."

அவள் அன்று சிரித்த சிரிப்பை, வடக்கே எண்ணெய் வயலில் ராய்ஸ் அடிக்கடி நினைத்துக்கொள்வான். இரண்டு வாரம் அங்கே வேலை, இரண்டு வாரம் அலாஸ்காவின் ஃபேர்பாங்ஸ் நகரில் வீடு. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். போகாதே என்று அவள் ஒருமுறையும் சொன்னதில்லை. இந்தத் தடவையாவது சொல்லமாட்டாளா என்று விமான நிலைய வாசலில் திரும்பிப் பார்ப்பான். அவள் கையசைப்பாள்.

அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் இருவரும் முறை வைத்து விளக்கின் முன் உட்காருவார்கள். முதலில் அவள், பிறகு அவன். போன வாரம் போனில் சொன்னாள்: "உன் முறையையும் நானே உட்கார்ந்துடறேன். வெளிச்சம் வீணாத்தானே போகுது." அப்போது அது பாசமாகத்தான் பட்டது. அதன்பின் எந்நேரம் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

மாற்று ஆள் முன்னதாகவே வந்துவிட்டதால், சொல்லாமல் கிளம்பி வந்தான். பிற்பகலிலேயே இருட்டிவிட்டிருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து வெள்ளை வெளிச்சம் பனியின்மேல் கொட்டிக் கிடந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே எல்லாம் பளபளத்தது. பழைய பூட்ஸுகள்கூடத் துடைத்து வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மேஜையில் விளக்கு அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு கோப்பைகளில் காபி ஆவி பறந்தது. எதிரிலிருந்த அவன் நாற்காலியில் அவனுடைய ஸ்வெட்டர் மாட்டியிருந்தது. அதன் நிழல் சுவரில் தோளும் கழுத்துமாக, அவனைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள் ஆர்லீன். கண்கள் சிவந்திருந்தன.

"ஆர்லீன்."

அவள் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினாள்.

"கொஞ்சம் இருங்க. ராய்ஸ் முறை இன்னும் முடியல."

கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் நடந்து பிளக்கைப் பிடித்தான். பிடுங்கினால் போதும். அப்போது அவள் முன்னால் சாய்ந்து, ஸ்வெட்டரின் வெறும் கையைத் தன் உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

"கேக்கணும் கேக்கணும்னு இத்தனை வருஷமாச்சு," என்றாள். "இனிமே போகாதே, ராய்ஸ்."

பிளக்கின்மேல் அவன் விரல்கள் அப்படியே நின்றன.