கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

"உன்னை வச்சுக்கிறதா அனுப்புறதான்னு உள்ளே பேசப்போறோம். நீ வெளியே இரும்மா" என்று சொல்லி, செலோ வாசிக்கும் லோரன்ஸ் ஸ்டூடியோக் கதவைச் சாத்தினார்.

ஹானோவரில், எழுபத்து நாலாம் வருடம். வானொலி இசைக்குழுவில் ஓபோ என்ற குழலை வாசிக்கும் முதல் ஆளாக நான் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புதிதாக வருகிறவரை ஒரு வருடம் பார்ப்பார்கள். பிறகு கூட வாசிக்கிறவர்களே கை தூக்கி முடிவு சொல்வார்கள். மேலே இருப்பவர்களுக்கு அதில் பேச்சே கிடையாது.

முந்தின வெள்ளிக்கிழமைதான் என் சீவாளி பிளந்திருந்தது. நேரடி ஒலிபரப்பு. சிம்பொனியின் மெதுவான பகுதியில் ஓபோ மட்டும் தனியாகப் பாடும் இடம் வரப்போகிறது. ஊதினால் வெறும் காற்று. பக்கத்தில் இரண்டாம் ஓபோ வுட்கே. என் இடத்துக்குத் தானும் போட்டியிட்டுத் தோற்றவர். காலை வணக்கம் தவிர என்னிடம் வாய் திறந்ததில்லை. கண்ணால் கெஞ்சினேன். அவர் என் பகுதியை எடுத்து வாசித்தார். தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த வேறு சீவாளியை நான் செருகி, அவர் தாளை எட்டிப் பார்த்து, அவர் விட்ட சுரங்களை அடியில் வாசித்தேன். வானொலியில் கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"வழியில ஏன் நிக்கிறே? என் அறையில உட்காரு" என்றார் ஒலிப்பதிவாளர் டெஸ்மன். "நான் காபி குடிச்சிட்டு வரேன். அந்தக் குமிழைத் தொட்டுடாதே. இறக்க மறந்துட்டேன்."

"எந்தக் குமிழ்?"

"ஸ்டூடியோ மைக்கோடது. வயசாச்சு பாரு, மறதி."

அந்த அறையிலிருந்து ஸ்டூடியோவைப் பார்க்கும் கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தது. ஒலிபெருக்கியிலிருந்து குரல்கள் மட்டும் வந்தன.

"நல்ல பொண்ணுதான். ஆனா முக்கியமான இடத்துல கைவிட்டுட்டாளே" என்றார் ஹார்ன் வாசிக்கும் ராடமாக்கர்.

"சீவாளி பிளந்தா அவ என்னய்யா பண்ணுவா?" இது ஹார்ப் வாசிக்கும் ஓட்டிலியே. "போன மாசம் உன் ஹார்ன்ல பன்னி கத்துச்சே, அதுக்கு எந்தச் சீவாளி பிளந்துச்சு?"

சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"வுட்கே, பக்கத்துல உட்கார்றவர் நீங்க. சொல்லுங்க" என்றார் லோரன்ஸ்.

"அவர் என்ன சொல்லுவாரு? காலியானா அவருக்குத்தானே இடம்" என்றார் யாரோ.

முடிந்தது என்று நினைத்துக் கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு அந்த இடம் வேணும்தான்" என்றார் வுட்கே. "நீங்கல்லாம் நான் வாசிச்சதைக் கேட்டீங்க. நான் கேட்டது அடியில அவ வாசிச்சதை. அந்தக் கீழ் சுரத்தை மெதுவா ஊதினா வாத்து மாதிரி கத்தும். இத்தனை வருஷமா எனக்கே அதைக் கண்டா பயம். அந்தப் பொண்ணு அந்தப் பதற்றத்துல, ஊதிப் பார்க்காத சீவாளியை வச்சு, எனக்கு மெத்தை விரிச்ச மாதிரி அதை வச்சா. அதனாலதான் நான் நல்லா வாசிச்சேன். அவளை அனுப்பிட்டு அந்த நாற்காலியில நான் உட்காரணுமா? எனக்கு வேணாம்."

பிறகு லோரன்ஸ் குரல்தான் வந்தது.

"சரி, கை தூக்குங்க."

எத்தனை கை என்று எப்படித் தெரியும்? சட்டைகள் உரசின, ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அப்புறம் மெல்ல ஆரம்பித்து, தரை முழுக்க ஷூக்கள் தேய்கிற ஓசை. கையில் வாத்தியம் இருக்கிறவர்கள் காலால்தான் கை தட்டுவார்கள். நான் அழுதுகொண்டே குமிழை இறக்கினேன்.

வெளியே வந்த வுட்கேயை வழிமறித்தேன். கேட்டதைச் சொல்ல முடியாதே!

"வெள்ளிக்கிழமை வாசிச்சீங்களே, அதுக்கு நன்றி, வுட்கே சார்."

"நன்றியா? அந்த இடத்தை ஒரு தடவையாவது வாசிக்கணும்னு எவ்வளவு ஏங்கியிருப்பேன். நான்தான் உனக்குச் சொல்லணும். ஆனா இன்னொரு தடவை பிளந்துச்சு, கொன்னுடுவேன்."

அவர் ஓய்வு பெறும்வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். குமிழைப் பற்றி டெஸ்மனும் மூச்சு விடவில்லை, நானும் விடவில்லை. டெஸ்மனும் வுட்கேயும் இப்போது உயிரோடு இல்லை. வுட்கே சார், நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நான் கேட்டேன்.