எல்லாம் அமத்திய பிறகும் ஓடிய மீட்டர்

1

இந்தக் கதை என் வீட்டு ஏசியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் தேனியே வெந்துகொண்டிருந்தபோது அது வெறும் காற்றை ஊதியது. கரண்ட் பில் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பார்க்க வந்த மெக்கானிக், "வீட்டுல எல்லாத்தையும் அமத்திட்டு மீட்டரப் பாருங்க சார்" என்றார். பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பது வருடங்களுக்கு முன் இதே ஊரில் இன்னொருவர் இப்படி நின்றிருந்தால்? அந்த நினைப்பு வந்த பிறகு மெக்கானிக் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை.

2

முதல் தொடக்கம்: "1941ஆம் வருடம், உலகமே போரில் எரிந்துகொண்டிருக்கையில், தேனியில் ஒரு மின்விசிறி——"

வேண்டாம். போரை உள்ளே விட்டால் விசிறியை யார் பார்ப்பார்கள்?

இரண்டாவது: "அன்னத்தாய்க்கு வேர்த்தது." இது போதும்.

அன்னத்தாய், பஞ்சு வியாபாரி வைகுண்டராஜின் மனைவி. தெருவில் முதலில் கரண்ட் இழுத்த வீடு அவர்களுடையது. விசிறி மாட்டிய அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் அதன் கீழே நின்று முந்தானையைப் பறக்கவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த கோடையில் அதே விசிறி சீக்காளிபோல் சுற்றியது. பில்லோ இரண்டு மடங்காகிவிட்டது. அன்னத்தாயும் தன்னாலானதைச் செய்து பார்த்தாள். சன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அறை குளிரவில்லை, புழுங்கியது.

மீட்டரில் கோளாறில்லை என்று மின்சார ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் யாரோ திருடுகிறார்கள் என்று வைகுண்டராஜ் முடிவுகட்டினார். பின்கட்டு அறையில் தையற்காரர் பிச்சைமணி குடியிருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் வயர், அந்தப் பக்கம் அவர். வேறு ஆதாரம் எதுவும் வைகுண்டராஜுக்குத் தேவைப்படவில்லை. தெருவில் நாலு பேர் பார்க்கவே கேட்டார்.

"ஏலே பிச்சைமணி, எங் கரண்ட எடுத்து எத்தன நாளா வெளக்கு எரிக்கிற?"

"மொதலாளி, எம் மிசினு காலால மிதிக்கிறது. வெளக்கு மண்ணெண்ண வெளக்கு. உள்ள வந்து பாத்துக்கங்க."

"பாக்க வேண்டியதில்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள எடத்தக் காலி பண்ணு."

சட்டை தைக்கத் துணியோடு வந்திருந்த ஒருவர், துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார். பிச்சைமணி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

3

(ஒரு சந்தேகம். அந்தக் காலத்தில் வியாபாரி வீட்டுப் பெண் மீட்டரை எட்டிப் பார்ப்பாளா? முதலில் இந்த வேலையை ஆபீஸ் ஃபிட்டர் ஒருவருக்குக் கொடுத்து எழுதினேன். வந்தார், சரிசெய்தார், போனார். கதையும் அவரோடு போய்விட்டது. வேர்த்தது அன்னத்தாய்க்கு, அவளே பார்க்கட்டும்.)

வைகுண்டராஜ் கடைக்குக் கிளம்பியதும் அவள் பின்கட்டுக்குப் போனாள். பிச்சைமணி சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கட்டுறத நிறுத்துங்க. எனக்கு ஒரு ஒத்தாச செய்யணும்."

"வேணாந் தாயி. மொதலாளி பாத்தாகன்னா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

"நீங்க கரண்ட எடுத்தீகளா?"

"இல்ல."

"அப்ப வாங்க."

விசிறியை அமத்தினாள். விளக்குகளை அமத்தினாள். ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் சுற்றுகிற தகடு இப்போது நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கள்ளத்தனமாக, மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

பிச்சைமணியின் முகம் வெளிறியது. "தாயி, சத்தியமா நான்——"

"பேசாதீங்கண்ணே. யோசிக்க விடுங்க."

வயர் போகும் வழியைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். அது பின்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மரச்சட்டத்துக்குள் ஓடி, சன்னலோரமாக, வெட்டிவேர்த் தட்டியை ஒட்டி இறங்கியது. அங்கே சுவர் கறுத்து ஊறிப்போயிருந்தது. புறங்கையால் தொட்டாள். சுருக்கென்று உதறியது.*

"கள்ளன் ஆம்புட்டானா தாயி?"

"ஆம்புட்டான்" என்றாள் அன்னத்தாய். "நாந்தான்."

அவள் ஊற்றிய தண்ணீரில் வயர் நனைந்து, இரவும் பகலும் கரண்ட் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

* இதை யாரும் செய்து பார்க்காதீர்கள். அன்னத்தாய் என் கற்பனை. உங்கள் கை அப்படியல்ல.

4

மெயினை அமத்திவிட்டுத் தட்டியைப் பிய்த்தெறிந்தார்கள். சன்னலை அகலத் திறந்து சுவரைக் காயவிட்டார்கள். அந்த நேரத்தில் பிச்சைமணி மேசைமேல் ஏறி விசிறியைப் பார்த்தார். வைகுண்டராஜின் வேட்டியில் ஒட்டி வீட்டுக்குள் வந்த பஞ்சுத் தூசியெல்லாம் இறக்கைகளில் அப்பிக் கிடந்தது.

"தாயி, இத வச்சு ஒரு தலகாணி தச்சிரலாம்!"

அந்த வாரத்தில் அன்னத்தாய் சிரித்தது அப்போதுதான். (என் ஏசியிலும் இதே கதைதான், ஃபில்டர் முழுக்கத் தூசி.) துடைத்தார்கள். தையல் மிசினுக்குப் போடும் எண்ணெயை விசிறிக்கும் விட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த வைகுண்டராஜை, இலை போடாமல், மீட்டர் முன்னால் நிறுத்தினாள். எல்லாம் அமத்தியிருந்தது. தகடு அசையவில்லை. காய்ந்த சுவரில் ஒரு சொம்புத் தண்ணீரை வீசினாள். சற்று நேரத்தில் தகடு நகர ஆரம்பித்தது. வைகுண்டராஜ் மீட்டரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எவனும் எடுக்கல?"

"நான் எடுத்தேன். கொடங்கொடமா ஊத்துனேன். என்னையக் காலி பண்ணச் சொல்லுங்க."

அன்னத்தாய் விசிறியைப் போட்டாள். அது ஹோவென்று கிளம்பி, அவர் தோளில் கிடந்த துண்டைத் தூக்கி மூலையில் எறிந்தது.

"செரி" என்றார் துண்டை எடுத்தபடி. "அந்த வயர மாத்தச் சொல்றேன். அவன இருந்துக்கிறச் சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். தெருவுல வச்சுப் பேசுனது நீங்க. தெருவுல வச்சே சொல்லுங்க. சோறு அதுக்குப் பெறகு."

5

முடிவு ஒன்று: "வைகுண்டராஜ் கண் கலங்கி——" கலங்க மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டில், அவர் வாயைத் திறக்கும் முன்பே பிச்சைமணி, "பரவால்ல மொதலாளி" என்று முந்திக்கொள்கிறார். எழுதியே விட்டேன். பிறகு அடித்தேன். அவமானப்பட்டவர் தலையிலேயே மன்னிக்கிற வேலையையும் கட்டுவானேன்?

பிச்சைமணி மூட்டையைப் பிரித்துவிட்டார் என்பது வரை எனக்கு நிச்சயம். வைகுண்டராஜ் தெருவில் இறங்குகிறார். அன்றைக்கு வேடிக்கை பார்த்த அதே நாலு பேர் கூடிவிட்டார்கள். துணியோடு திரும்பிப் போனவரும் நிற்கிறார். பிச்சைமணி கத்தரிக்கோலோடு வெளியே வருகிறார். தலை குனியவில்லை. வைகுண்டராஜ் தொண்டையைச் செருமுகிறார்.

அந்த வார்த்தையை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். தெருக்கோடி வரை கேட்கும்படி சொல்லுங்கள். அன்னத்தாய்க்குக் கேட்காது. அவள் பட்டப்பகலில், விசிறிக்குக் கீழே, வெறுந்தரையில் கை கால் பரப்பி, குறட்டைவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.