வாசல் வாழையைத் தின்ற ஒட்டகம்

மாடு வருவதற்குள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று சோபனா விழித்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். மாடு புது வீட்டுக்குள் போனால் பால் காய்ச்சுவார்கள். பால் பொங்கிவிட்டால் அது அவள் குடியேறிய வீடாகிவிடும். குடியேறிய வீட்டில் நின்றுகொண்டு, பங்குனியில் நான் மங்கோலியாவுக்குப் போகிறேன், டிக்கெட் போட்டாயிற்று என்று எந்த வாயால் சொல்வது?

இண்டூரிலிருந்து தர்மபுரி போகும் சாலையோரம், அப்பா விட்டுப்போன நிலத்தின் மூலையில் வீடு புதுச் சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. பணம் சோபனாவுடையது. கூடவே நின்று கட்டியது தம்பி மாதேஸ்வரன். மேஸ்திரியிலிருந்து சித்தாள் வரைக்கும் அதட்டி வேலை வாங்கியது அம்மா சென்னம்மாள். வாசலின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருந்தது. ஐயர் வந்துவிட்டார். மாதேஸ்வரன் பக்கத்துத் தோட்டத்துப் பசுவையும் கன்றையும் ஓட்டிவரப் போயிருந்தான். கிழக்கே மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம் இப்பிடி வாயேன்."

"நிமிஷமெல்லாம் அப்பறம். மாவிலை ஏன் இப்பிடி வாடிக் கெடக்குது? நேத்தே கட்டிட்டானா உந்தம்பி?"

"முக்கியமான விஷயம்மா."

"இன்னிக்கி இந்த வூட்ட வுட முக்கியம் என்னாடி இருக்குது?"

அம்மா சத்தமாகவே சொன்னாள். கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்த மருமகள் சசிகலாவின் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். சசிகலா நிமிராமலே சிரித்தாள்.

"அண்ணி, இனிமே அத்தைய நீங்க பாருங்க. சாம்பார்ல உப்பு இருந்தாலும் தப்பு, இல்லாட்டியும் தப்பு."

"உப்பு போட்டா நான் ஏன் பேசறன்? நீ கொட்டுற" என்றாள் அம்மா.

இதுதான் சோபனாவின் நாக்கைக் கட்டிப்போட்டது. மகன் வீட்டை விட்டு மகளோடு இருக்கப் போகிறேன் என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. மகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால், அம்மா தன் துணி மூட்டையோடு மறுபடி சசிகலாவின் சமையலறைக்குத்தான் போக வேண்டும்.

வாக்குக் கொடுத்தது அவளேதான். போன வருஷம் ஓமானில் மணல்மேட்டில் சறுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி, ஓட்டல் அறையில் தனியாகக் கிடந்தாள். அம்மா போன் செய்தபோது அழுகை வந்துவிட்டது. "வந்துடறன்மா. ஒரு வூடு கட்டு. அங்கயே இருந்துக்கறன்." வலி குறைந்ததும் அந்தப் பேச்சும் குறைந்துவிடும் என்று நினைத்தாள். அதற்குள் அம்மா அஸ்திவாரம் தோண்டக் கடக்கால் பூஜையே போட்டுவிட்டாள்.

சுற்றுலா நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. கோட்டை, கடல், சந்தை என்று அவர்கள் கேட்டதை எடுப்பாள். தனக்கென்று எடுத்தது ஒட்டகங்களை மட்டும்தான். முதல் ஒட்டகம் பிகானீரில். கேமராவை ஒரு கணம் பார்த்தது. பிறகு பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அலட்சியம் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. எப்போது கல்யாணம், எப்போது ஊருக்கு வருவாய் என்று கேட்காத முகம். அதன் பிறகு ஜோர்டானில், மொராக்கோவில், ஆஸ்திரேலியாவின் செம்மண் காட்டில், எங்கே இறங்கினாலும் ஓர் ஒட்டகத்தைக் காணும்வரை அவளுக்கு நிலைகொள்ளாது. கண்டு, எடுத்து, அறைக்குத் திரும்பியதும் காலில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும். அடுத்த ஊர். மங்கோலியாவில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள் வெயில் வந்தால் உரோமத்தை உதிர்த்துவிடும். அதற்குள் போக வேண்டும்.

ஊருக்கு வந்து நான்கு நாளாகிறது. எறும்பு முழங்காலுக்கு ஏறிவிட்டது. நேற்றுப் புது வீட்டுச் சமையலறையில் குடத்தை எடுத்துவைத்தபோது குனிந்து குனிந்து முதுகு வலித்தது. மேஸ்திரி மேடையின் உயரத்தைத் தப்பாக வைத்துவிட்டார் போல.

"அண்ணி, விளக்கப் புடிங்க. மாடு வந்துருச்சு" என்றாள் சசிகலா.

காமாட்சி விளக்கு கைக்கு வந்தது. மாதேஸ்வரன் பசுவை வாசலுக்குத் திருப்பினான். பசு ஓர் அடி எடுத்துவைத்து, சட்டென்று நின்று மூக்கை உயர்த்தியது. அதே நேரத்தில் சோபனாவின் மூக்குக்கும் அந்த வாசனை எட்டியது. நனைந்த கம்பளியும் பழைய வைக்கோலும் கலந்த வாசனை. எந்த நாட்டிலும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள்.

சாலையில் சலங்கைச் சத்தத்தோடு ஓர் ஒட்டகம் வந்துகொண்டிருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை. முதுகில் கண்ணாடி வைத்துத் தைத்த துணி. பிள்ளைகள் ஏறுவதற்கான சின்ன ஏணி பக்கவாட்டில் தொங்கியது. கயிற்றைப் பிடித்தபடி தலைப்பாகைக்காரர் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் நடந்துவந்தார்.

விளக்கைச் சசிகலாவிடம் கொடுத்தது சோபனாவுக்கு நினைவில்லை. கேமரா கையில் இருந்தது. சாலைக்கு ஓடினாள்.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. ஒரே ஒரு படம்."

அவர் நின்றார். "எடுத்துக்கம்மா. தீர்த்தமலைத் தேருக்குப் போறன். ஊர் ஊரா நின்னு நின்னுதான் போறது. குடிக்கத் தண்ணி மட்டும் குடு."

ஒட்டகம் நின்றதுதான் தாமதம், பசு வாலைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கன்று அதன் பின்னால். கயிறு கையில் சுற்றியிருந்ததால் மாதேஸ்வரனும் வேட்டியைப் பிடித்தபடி மரவள்ளிக் காட்டுக்குள் இழுபட்டுப் போனான். "ஏய்! ஏய்! அக்கா, என்னாக்கா பண்ண!" என்ற குரல் மட்டும் கேட்டது.

ஒட்டகம் எதையும் கண்டுகொள்ளவில்லை. கழுத்தை நீட்டி, வாசலில் கட்டியிருந்த வாழையின் இலையை நிதானமாகக் கிழித்து வாய்க்குள் இழுத்தது. சோபனா கேமராவைக் கண்ணில் வைத்தாள். கிழிந்த இலைக்குப் பின்னால் அம்மாவின் முகம் தெரிந்தது. எத்தனையோ தேசத்தில் எடுத்திருக்கிறாள். ஒட்டகத்துக்குப் பின்னால் தனக்குத் தெரிந்தவர் முகம் இருந்ததே இல்லை. விரல் அழுத்த மறுத்தது.

"ஏண்டி, மாட்ட ஓட்டிட்டு ஒட்டகத்தையா கூப்புட்ட?"

"மாடு வர்ற வரைக்கும் நல்ல நேரம் நிக்காதுங்க" என்றார் ஐயர்.

சசிகலா விளக்கைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள். "மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க அத்தை. வேணும்னா இன்னொரு நாள் வச்சிக்கலாமா?"

அம்மா மருமகளைப் பார்த்தாள், ஒட்டகத்தைப் பார்த்தாள். "அது என்னா திங்குது?"

"இலைதாம்மா" என்றாள் சோபனா.

"மாடு வந்தாலும் அதத்தான் திங்கும். ஐயரே, நடங்க."

அம்மா விளக்கைச் சசிகலா கையிலிருந்து வாங்கினாள். வலது காலை எடுத்துவைத்து உள்ளே போனாள். சோபனா வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சமையலறையில் பாலை ஏற்றியிருந்தார்கள். அம்மா தனியாக நின்றாள். இனித் தள்ள முடியாது.

"அம்மா, பங்குனில நான் மங்கோலியா போறன். டிக்கெட் போட்டுட்டன். அங்கிருந்து எங்க போவன்னு தெரியல."

அம்மா அடுப்பைக் கொஞ்சம் குறைத்தாள். "சரி."

"சரியா?"

"நீ இருக்க மாட்டன்னு எனக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து செருப்பத் தேடிக்கிட்டே இருக்கறவ."

"அப்பறம் எதுக்கும்மா இதக் கட்டுன?"

அம்மா கூடத்தின் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குன்னு ஒரு வூடு வேணும்னு யாருகிட்ட கேப்பன்? கேட்டா, மருமவ தொரத்திட்டான்னு ஊரு பேசும். அவ அப்பிடியொண்ணும் கெட்டவ இல்ல. ஆனா அது அவ வூடு. எம்பொண்ணு கூப்புடறான்னு சொன்னன். ஒருத்தரும் வாயத் தெறக்கல."

பால் பொங்கி மேடையில் வழிந்தது. "பொங்கிருச்சு!" என்று கூடத்தைப் பார்த்துக் கத்தினாள் அம்மா. அங்கே யாரோ குலவை போட்டார்கள். அம்மாவின் முழங்கை மேடைமீது சுகமாகப் படிந்திருந்தது. அவள் எதற்கும் குனிய வேண்டியிருக்கவில்லை. மேடை அம்மாவின் அளவுக்கு வைத்தது. மேஸ்திரி தப்புச் செய்யவில்லை.

சோபனாவுக்கு மூச்சு லேசானது. தன்னைக் கட்டிவைக்கத்தான் இந்த வீடு என்று எத்தனை இரவு புரண்டிருக்கிறாள். இத்தனை வருஷமாகத் தன்னைப் பின்னால் யாரோ இழுக்கிறார்கள் என்று நம்பித்தான் ஓடினாளோ? இப்போது விடுதலை. யாரிடமிருந்து என்றுதான் தெரியவில்லை.

"எனக்கு ஒரு சாவி குடும்மா" என்றாள். கேட்கப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"எதுக்கு? நீ வந்தா நான் கதவத் தெறக்க மாட்டனா?" அம்மா டம்ளரில் பாலை ஊற்றி நீட்டினாள். "அந்த ஆளு தண்ணி கேட்டாருல்ல, இதக் குடு. போ, உன் ஒட்டகம் போயிடப் போவுது."

ஒரு பக்கத்து வாழை மொட்டையாக நின்றது. தலைப்பாகைக்காரர் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கும்பிட்டார். "எடுத்துட்டியாம்மா?" சோபனா கேமராவைத் தூக்கினாள். ஒட்டகம் எல்லா ஒட்டகங்களையும்போல அவளை ஒரு கணம் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயோரத்தில் வாழை நார் தொங்கியது. இந்த முறை அந்தத் திரும்பல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

சலங்கைச் சத்தம் தர்மபுரிப் பக்கமாகத் தேய்ந்தது. பின்னாலேயே ஓட வேண்டும் என்று காலில் எறும்பு ஊர்ந்தது. அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பினாள். சாலையைப் பார்த்த மூலையில் சமையலறை ஜன்னல். அதற்குள் அம்மா, வழிந்த பாலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ முணுமுணுக்கிறாள், சிரிக்கிறாள் போலிருந்தது.

சோபனா கேமராவைக் கண்ணில் வைத்தாள். அம்மா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

அம்மா நிமிரவில்லை. துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கை வலித்தும் சோபனா கேமராவை இறக்காமல் நின்றாள்.