மாமாவுக்குத் தெரியக் கூடாது

கதவைத் திறந்த அக்கா மகளின் கண்களைச் சுற்றி இரண்டு சிவந்த வளையங்கள். நீச்சல் கண்ணாடியை இறுக்கி மாட்டிக் கழற்றினால் விழுகிற தடம். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் பழுதாகி அவனுடைய நீச்சல் குளம் ஒரு வாரமாகக் காய்ந்து கிடக்கிறது.

"எங்க போயிட்டு வந்தீங்க, அக்கா?"

"எங்கயும் இல்லயே. இப்பத்தான் தூங்கி எழுந்தா." அக்கா முகம் மாறாமல் சொன்னாள்.

குழந்தை மாமாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். இடது கையில் செம்பு. வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அவளைப் பக்கத்தில் இழுத்து அந்தக் கையை மெல்ல உயர்த்திப் பார்த்தான். தோள் மட்டத்துக்குக்கூட வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர, சத்தம் போடவில்லை.

அதற்குமேல் அக்காவால் மறைக்க முடியவில்லை. ஊரின் மறுகோடியில் இன்னொரு பயிற்சியாளர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் அங்கே, வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் இவனிடம்.

"ஒன்பது வயசுக்கு வாரத்துல நாலு நாள் போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா. நீயும் சரின்னு தலையாட்டினியே."

"ஆட்டலேன்னா விட்டிருப்பியா? சொந்தமாப் போயிட்டதால இவளப் பொத்திப் பொத்தி வெக்கிற. அவரு அப்படியில்ல. இந்தத் தடவை மெடல் நிச்சயம்ங்கிறாரு."

கடந்த சில வாரங்களாகவே அவள் நீச்சலில் வேகம் இல்லை. மாமாதானே என்று செல்லம் கொஞ்சுகிறாள் என நினைத்து, மற்ற பிள்ளைகள் முன்னால் அதட்டி, கூடுதலாகச் சில சுற்றுகள் நீந்தவிட்டவன் அவன்தான். எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்துப் பார்த்து அளந்து கொடுத்ததெல்லாம் போய், அந்தத் தோளை வதைத்ததில் அவன் கையையும் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் "எங்கயாவது வலிக்குதாடா?" என்று கேட்பான். "இல்ல மாமா" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கும் வீட்டில் பயிற்சி நடந்திருக்கிறது.

"டாக்டர் பாக்குற வரைக்கும் இவ தண்ணியில இறங்கக் கூடாது. எங்கயும்."

"உன் குளத்துல வேணும்னா நிறுத்திக்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உலர்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சின்ன வயதில் அவன் செய்த தப்புக்கெல்லாம் அவனுக்குப் பதிலாக அப்பாவிடம் அடிவாங்கிக்கொண்டவள் இந்த அக்கா. அவன் வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டினான்.

பின்னாலேயே குழந்தை வந்து நின்றாள்.

"கோவமா மாமா?"

"உன்மேல இல்லடா. உக்காரு." அவள் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "உண்மையச் சொல்லு. ரொம்ப வலிக்குதா?"

அவள் வாயைத் திறந்தாள். பிறகு என்னவோ நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். ஒருக்களித்திருந்த கதவின் இடுக்கில் அக்காவின் ஒற்றைப் பாதம் மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.