நீலம் போன வழி

மதியம் மூன்று பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான், என்னுடைய மனிதர் தியாகலிங்கம், பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்த மகள் நிவேதனா. வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அப்போது உள்ளே கழிவறையில், யாரோ பிளஷை இழுத்துவிட்டு எழும்பிப் போனது போல, தொட்டிக்குத் தண்ணீர் விழத் தொடங்கியது. நிவேதனா பிசைந்த சோற்றோடு என்னைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மேசையில்தான் இருக்கிறோமா என்று அவள் சரிபார்த்தது எனக்கு விளங்கியது.

"றப்பர் தேஞ்சுபோச்சு. நாளைக்கு மாத்திவிடுறன்," என்றார் அவர்.

என்னுடைய மனிதருக்குக் கூலிக்கு ஆள் பிடிப்பதைப் போல வெட்கமான காரியம் வேறில்லை. மின்விசிறியைக் கழற்றுவார், மோட்டரைப் பிரிப்பார், எல்லாம் பூட்டி முடிந்த பிறகு இரண்டு திருகாணியாவது கையில் மிஞ்சும். கொம்பனிக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்பார். மானிப்பாய்ச் சந்தியில் றப்பர் வாங்கி வந்து, சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அரை நாள் தொட்டிக்குள் தலையை விட்டபடி நின்றார். சங்கிலியைக் குறைத்தார். மிதவைப் பந்தை வளைத்தார். சத்தம் நின்றது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார், நானும் மெச்சினேன். மெச்சாவிட்டால் அவருக்கு அன்றைக்குத் தேத்தண்ணீர் இறங்காது.

அடுத்த நாள் மழை விட்ட கையோடு திரும்பவும் தொடங்கியது. இந்த முறை தொட்டி நிரம்புகிற சத்தமில்லை. அதைவிட மெல்லியது, இடைவெளியே இல்லாதது. அவர் சுவரோரக் குழாயைப் பூட்டினார். தொட்டியில் நின்ற தண்ணீர் முழுவதையும் இழுத்துவிட்டு, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். கொமட்டுக்குள் நின்ற தண்ணீர், ஒருவரும் தொடாமல், நித்திரையில் கிடக்கிற பிள்ளையின் வயிறு போல மெதுவாக ஏறி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, ஆரோ சின்னப்பிள்ளை தண்ணி அளையிற மாதிரிக் கேக்குது," என்றாள் நிவேதனா, கதவுநிலையைப் பிடித்தபடி.

"விசர்க்கதை கதைக்காதை. போய்ப் படு."

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முதல், இதே வீட்டில், ஏழாம் மாதத்தில் அவளுக்குச் செங்கமாரி வந்தது. கண்ணும் தோலும் மஞ்சளாகி, காய்ச்சலில் கிடந்து, ஆஸ்பத்திரியில் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. தண்ணீரால் வந்திருக்கலாம், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று டொக்டர் சொன்னபோது இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடை கிணத்துத் தண்ணியையோ?" என்று கேட்டார். ஒழுங்கையில் பாதிச் சனம் குடிக்க அள்ளுகிற நல்ல தண்ணீர்க் கிணறு எங்களுடையது. அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் அவள் ஆசைப்பட்டு ஐஸ்கிறீம் குடித்திருந்தாள். பழி முழுவதும் அதன் மேல் விழுந்தது. மருமகனின் தாய் சொன்னார், இவர் சொன்னார், நானும் மறுத்துக் கதைக்கவில்லை. பிள்ளையைத் தானே தின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் இரண்டு வருடம் நடந்தாள். இந்த முறை எட்டாம் மாதம். வந்த நாளிலிருந்து வெளியே ஒரு வாய் தொடாமல், எங்கள் சமையலையும் எங்கள் கிணற்றையும் மட்டும் நம்பி இருந்தாள்.

"குழிக்குள்ளை மழைத்தண்ணி போகுது, அவ்வளவுதான்," என்றார் அவர், காய்ந்த தொட்டியை மூடியபடி.

அந்தக் குழியில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. வீடு கட்டியபோது கழிவறைக்குக் குழி வெட்டிய ஆட்களின் இரும்பு அலவாங்கு சுண்ணாம்புக் கல்லை உடைத்துக்கொண்டு கீழே ஒரு வெறுமைக்குள் விழுந்துபோனது. விழுந்த சத்தம் கேட்கவேயில்லை. பொந்திலிருந்து குளிர்காற்று வந்தது. மேசன் சிரித்தான். "அண்ணை, உங்களுக்கு அதிட்டம். இது ஒரு நாளும் நிரம்பாது." நாங்களும் அடியைப் பூசாமல் அப்படியே விட்டோம். அயல் வீடுகளில் குழி இறைக்கப் பவுசர் வண்டி வரும்போதெல்லாம் இவர் படலையில் நின்று புதினம் பார்ப்பார். எங்களுடையது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சத்தம் விடவில்லை, அவரும் விடவில்லை. யூரியூப்பில் ஒரு வழி பார்த்தார். உடுப்புக்குப் போடுகிற நீலத்தைத் தொட்டிக்குள் கலக்க வேண்டும். கசிவு இருந்தால் கொமட்டும் நீலமாகும். நாலு சொட்டுப் போதுமாம். இவர் போத்தலைக் கவிழ்த்தார். பொழுதுபடும் வரை கொமட்டு வெள்ளையாகவே இருந்தது.

"பாத்தியே? என்ரை வேலையிலை பிழையில்லை," என்று சொல்லி, பிளஷை இழுத்து அவ்வளவு நீலத்தையும் அனுப்பினார். அது போய் முடிந்ததும் கீழே அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முன்னையைவிட ஆறுதலாக, அவசரமில்லாமல் தொடங்கியது.

அடுத்த நாள் பின்னேரம் மின்சாரம் இல்லை, மோட்டர் போட முடியவில்லை. நிவேதனா கிணற்றடிக்குப் போய் வாளியால் அள்ளினாள்.

"அம்மா, இங்கை ஒருக்கா வாங்கோ."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வெள்ளை வாளியில் தண்ணீர் இளநீலமாக நின்றது. வானம் தெரிகிறது என்று முதலில் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் வானம் மழை முகிலால் கறுத்துக் கிடந்தது. அவளுடைய உதடு ஈரமாக இருந்தது.

அவர் வந்து வாளியைக் கவிழ்த்துவிட்டு வேறு அள்ளினார். அதுவும் நீலம். மூன்றாவது தரம் அவர் அள்ளவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப, அது ஐஸ்கிறீமாலை இல்லை," என்றாள் நிவேதனா. தகப்பனைப் பார்த்துத்தான் சொன்னாள். அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நான் கிட்டப் போகவில்லை.

படலை திறந்தது. பக்கத்து வீட்டுப் பூரணம் அக்கா, பின்னேரங்களில் வருவது போல, குடிதண்ணீர் அள்ள பிளாஸ்ரிக் கானோடு வந்தார்.

"இஞ்சேர், ஒண்டும் கதைக்காதை," என்றார் இவர் அடிக்குரலில். "கிணத்தை இறைச்சுவிட்டாச் சரி."

நிவேதனா எங்கள் இரண்டு பேரையும் தாண்டி நடந்தாள். "மாமி, அள்ளாதேங்கோ. எங்கடை கக்கூஸ் தண்ணி கிணத்துக்கை வருது."

பூரணம் அக்கா முதலில் சிரித்தார். பிறகு வாளியைக் கண்டார்.

"எவ்வளவு காலமா, பிள்ளை?"

நிவேதனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவரும் என்னைப் பார்த்தார்.

"வீடு கட்டின நாளிலையிருந்து, அக்கா," என்றேன்.

பூரணம் அக்கா கானின் மூடியைத் திருகிக் கழற்றி, நேற்று எங்களிடம் அள்ளியதில் மிச்சம் இருந்ததை அந்த இடத்திலேயே கவிழ்த்தார். நாட்கணக்காய்ப் பெய்த மழையில் ஊறிப்போன செம்மண். தண்ணீர் தேங்கி நின்றிருக்க வேண்டும். அது நிற்கவில்லை. ஒரு குமிழி விட்டு, குழி வெட்டிய நாளில் அலவாங்கு போனது போல, முழுவதும் எங்கள் காலடியில் இறங்கிப் போனது. நாங்கள் நாலு பேரும் அசையாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நிவேதனா வயிற்றை இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு, மிதிக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து, ஓரடி பின்னால் வைத்தாள்.