பதினாறாவது இலை

"இந்த வெரல்ல இன்னும் வெள்ளையா இருக்கு தம்பி. வெந்நி ஊத்து," என்றார் ஷாஹுல் ஹமீது. மய்யத்தான உடலைக் குளிப்பாட்டப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர்.

தௌசீஃப் அத்தாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினான். கை கனத்தது. காலையிலிருந்து எல்லாமே கனத்தது. விரல் இடுக்குகளில் இறுகியிருந்த பிளாஸ்டர் ஓடு ஓடாக உரிந்துவிட்டது. கட்டைவிரல் நகத்துக்குள் இருந்தது மட்டும் வரவில்லை.

"ஒரு இடம் விடாம தண்ணி படணும். இல்லாட்டி குளிப்பு நெறவேறாது." ஈர்க்குச்சி ஒன்றைக் கொடுத்தார். "மெதுவா சொரண்டு. அவருக்கு வலிச்சிடப் போவுது."

கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு வீட்டின் பால்கனியில், களிமண் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி முடித்த கையோடு அத்தா அமீன் சரிந்து உயிர்விட்டிருந்தார். அருங்காட்சியகத்தில் உதவியாளர். மாணவர்கள் பார்த்து வரைவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்த கிரேக்கத் தூண்களின் பிளாஸ்டர் நகல்கள் அங்கே ஒரு கூடம் நிறைய இருந்தன. எந்தக் கூரையையும் தாங்காத தூண்தலைகள். அதில் ஒன்றைச் சுற்றிக் கீழே எட்டு, மேலே எட்டு இலைகள். போன வாரம் அவர் தூசி தட்டும்போது ஒன்று விழுந்து நொறுங்கியது.

முப்பத்தோரு வருடத்தில் ஒரு மெமோகூட வாங்காதவர். மாதக் கடைசியில் ஓய்வு. யாரிடமும் சொல்லாமல், பக்கத்து இலைமேல் களிமண்ணை அழுத்தி அச்செடுத்து வந்தார். முதலில் வார்த்த இரண்டும் வெடித்துவிட்டன. வீடெல்லாம் மாவு என்று அம்மா நேற்றுவரை திட்டிக்கொண்டிருந்தாள்.

உடலில் கஃபன் துணி சுற்றி முடித்து வெளியே வந்தவனை, அத்தாவோடு வேலை பார்க்கும் சேட்டு ஓரமாக இழுத்தார்.

"இந்நேரத்துல கேக்கக் கூடாது தம்பி. எல இன்னா ஆச்சு? நாளைக்கு ஆபீசர் வந்து ஒண்ணொண்ணா பாக்கப் போறாரு. அமீன் பாய் பேரு கெட்டுரும்."

"அச்சுலயே இருக்கு மாமா. தெறக்கல."

"தெற நைனா."

பால்கனியில் உட்கார்ந்து களிமண்ணைத் துண்டு துண்டாகப் பிய்த்தான். ஈரத்தோடு இலை முழுசாக வந்தது, நுனிச் சுருள் உட்பட.

சேட்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எமகாதகன்யா உங்க நைனா," என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மத்ததெல்லாம் பழுப்பேறிக் கெடக்குமே? இது பளிச்சுனு இருக்கு," என்றான் தௌசீஃப்.

"டீத்தண்ணி தடவிக்கலாம். ஆனா அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. இப்பவே போனாதான் ஒட்ட முடியும்." அவன் தோளைத் தொட்டார். "மண்ணு போட நான் இருக்க மாட்டேன். தப்பா நெனைக்காத."

அவன் தலையசைத்தான். கதவருகே வந்து நின்ற அம்மா, கஃபன் வெட்டியதில் மிஞ்சிய துணியை நீட்டினாள். சேட்டு இலையை அதில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினார்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தபோதுதான் தௌசீஃப் கவனித்தான். அவனுடைய கட்டைவிரல் நகத்துக்குள்ளும் வெள்ளை. உள்ளே அத்தாவுக்கான ஜனாஸா தொழுகைக்கு வரிசை சேர்ந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, வரலியா?" பின்னாலிருந்து ஷாஹுல் ஹமீது கேட்டார்.

"இதோ."

ஈர்க்குச்சி சட்டைப் பையிலேயே இருந்தது. எடுத்தான். குழாயைத் திறந்துவிட்டு, மெதுவாக, வலிக்காதபடி சுரண்டினான்.