ஒரு கம்பத்தில் இரண்டு கொடி

இதில் ஒரு சொல் பொய்யென்றால், நான் குடித்து வளர்ந்த உப்புக் காற்றே என் நாக்கை அரித்துத் தின்னட்டும். இந்த வயதில் பொய் சொல்லி நான் கட்டப்போகும் கோட்டை ஒன்றுமில்லை.

விடிகிற நேரம், கடல்மேல் பனி. வலையை இழுத்துக்கொண்டிருந்தோம். ஈரக் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. உரிந்த இடத்தில் உப்பு ஏறியது. டீசல் புகையும் மீன் கவிச்சியும் தொண்டையில் கசந்தன. மூன்று அரசாங்கங்கள் தங்களுடையது என்று சொல்லும் கடல் அது. அடியில் எண்ணெய் இருக்கிறதென்று எவனோ சொல்லித் தொலைத்த நாளிலிருந்து, தினம் ஒரு கப்பல் வந்து தண்ணீர்மேல் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போகும். மறுநாள் அடுத்தவன் வந்து அழித்துவிட்டு வேறிடத்தில் போடுவான். எங்கள் வலையில் விழுந்த மீன்களில் பாதிக்கு முதுகில் வெள்ளைப் பட்டை இருந்தது. கழுவினாலும் போகவில்லை. பட்டை போட்ட மீனுக்கு விலை இல்லையென்று முதலாளி அதையும் எங்கள் பங்கில்தான் கழித்தார்.

படகை ஓட்டியவன் என் தங்கை புருஷன். தங்கைக்கு நிறைமாதம். பிடிபட்டால் டிரைவரைத்தான் கொண்டுபோவார்கள். அப்படிப் போன எவனும் திரும்பி வந்ததில்லை. அதற்கு முதலாளி ஒரு வழி சொல்லித் தந்திருந்தார்: எந்த நாட்டுக் கப்பல் வருகிறதோ, அந்த நாட்டுக் கொடியை ஏற்று. மூன்று கொடி கொடுத்தார். அதில் ஒன்றைச் சமையல்காரர் சொட்டைச் சித்தப்பா டீ வடிகட்டக் கிழித்துவிட்டார். அந்த நாட்டு டீ நன்றாகவே இருந்தது.

அன்று கிழக்கே ஒரு கப்பல், மேற்கே ஒரு கப்பல், இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன.

"எதடா ஏத்தறது?" என்றார் சித்தப்பா.

"ரெண்டையும் ஏத்துங்க. அவனவன் பக்கம் அவனவன் கொடி!" என்றேன்.

ஒரே கம்பத்தில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்றாக விறைப்பாகக் கட்டினார். அலையில் படகு திரும்பும் என்பதை அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை. திரும்பியது. கிழக்கத்தியான் மேற்கின் கொடியைப் பார்த்தான். மேற்கத்தியான் கிழக்கின் கொடியைப் பார்த்தான். இரண்டு பீரங்கியும் எங்களை நோக்கித் திரும்பின. இரண்டு ஒலிபெருக்கியும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது அந்த ஆண்டிலேயே முதல் தடவை: டிரைவரை ஒப்படை.

மாப்பிள்ளை வயர்லெஸ்ஸில் முதலாளியைக் கூப்பிட்டான்.

"முதலாளி, ரெண்டு பக்கமும் பீரங்கி நிக்குது."

"வலை முழுசா இருக்கா?"

"வலை இருக்கு. நாங்கதான் இருப்போமான்னு தெரியல."

"டிரைவரை எவனாவது ஒருத்தன்கிட்ட குடுத்துட்டு, படகைத் திருப்பச் சொல்லு."

"முதலாளி, நான்தான் டிரைவர்."

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. நீ பொறுப்பான பையன்."

நான் கருவியைப் பிடுங்கினேன். "இங்க போகச் சொன்னது நீங்கதானே? அதை அவங்ககிட்ட சொல்லுங்க!"

"நான் எங்கப்பா சொன்னேன்? மீன் இருக்கற இடத்துக்குப் போன்னேன். மீன் கோட்டைத் தாண்டினா அதுக்கு நானா பொறுப்பு?"

"அப்ப இனிமே மீனையே டிரைவரா வெச்சுக்குங்க!" என்று கத்தினார் சித்தப்பா. இணைப்பு அறுந்தது.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டான். "மச்சான், நான் போயிடறேன். வேற ஊருல வேலை கெடச்சிருக்குன்னு அவகிட்ட சொல்லிடுங்க."

"நம்புவாளா?"

"நீங்க சொன்னா நம்ப மாட்டா. சித்தப்பாவைச் சொல்லச் சொல்லுங்க."

"வாயை மூடு மாப்ள. இன்னைக்கு உன்னைக் குடுத்தா, நாளைக்கு யாரைக் குடுக்கறது?"

அப்போது எங்கள் தளத்தில் ஒரு கயிறு வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பனி விலகிய இடமெல்லாம் படகுகள். மூன்று நாட்டுப் படகுகளும் இருந்தன. எறிந்தவன் பேசிய மொழி புரியவில்லை. ஆனால் அவன் உள்ளங்கையும் என்னுடையதைப் போலவே உரிந்திருந்தது. கட்டினோம். நடுவே பழைய டயர்களைத் தொங்கவிட்டு, விலாவோடு விலாவாக, படகுமேல் படகாகக் கட்டிக்கொண்டே போனார்கள். மரம் முனகியது. டீ வாளியோடு ஒவ்வொரு படகாகத் தாண்டிப் போன சித்தப்பா, பாதம் நனையாமலே கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார். இனி ஒரு டிரைவரைக் கொண்டுபோக வேண்டுமென்றால் கடலையே கட்டி இழுக்க வேண்டும்.

கப்பல்கள் நகரவில்லை. பீரங்கிகள் தாழவில்லை. எங்களுக்கு அடியில் எங்கேயோ எவனுடைய கோடோ கிடந்தது. மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்து நின்றான். நாங்கள் கயிற்றைப் பிடித்து நின்றோம். அவிழ்க்கும் எண்ணம் ஒருவனுக்கும் இல்லை.

கரையேறிய பிறகுதான் தெரிந்தது: புயல் எச்சரிக்கை இருந்ததால், அன்று மூன்று நாட்டிலும் சேர்த்துக் கடலுக்குப் போன படகு எங்களுடையது ஒன்றுதான்.